ஐ.டி.ஐ படித்தால் வேலை கிடைக்கும், அப்புறம்?

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ஊர் பேருந்து நிலையச் சுவர் முழுக்க ஃபிளெக்ஸ்தான். கோட்டும் டையும் போட்ட ஒரு பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான், கீழே 'ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக், 100 சதவீத வேலைவாய்ப்பு' என்று இருக்கும். (ஐ.டி.ஐ-யில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், டை கட்டியவனை நான் இதுவரை பார்த்ததில்லை. ஓடுகிற லேத், அதாவது கடைசல் இயந்திரம், பக்கத்தில் தொங்குகிற துணியோடு போனால் என்ன ஆகும் என்பதுதான் முதல் வாரப் பாடமே.) அந்த நூறு சதவீதத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. ஃபிட்டர் படித்து ஒன்பது வருடம் ஆலைகளில் இருந்துவிட்டு இப்போது தனியார் ஐ.டி.ஐ ஒன்றில் பாடம் எடுக்கிற எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த வாசகம் பெரும்பாலும் உண்மை. தேர்வு முடிந்த கையோடு கேட்கிறவனுக்கெல்லாம் ஏதோ ஒரு கடிதம் கிடைத்துவிடுகிறது. பொங்கலுக்குள் அவர்களில் ஒரு கூட்டம் ஊருக்குத் திரும்பி வந்து டீக்கடையில் நிற்கும் என்பதை மட்டும் ஃபிளெக்ஸில் போடுவதில்லை.

திரும்பி வந்தவனைப் பற்றி ஊர் ஒரே தீர்ப்புதான் சொல்லும், 'பையனுக்கு ஊக்கம் பத்தலை'. ஆசிரியர் அறையிலும் அதே பேச்சுதான். இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கஷ்டப்படத் தெரியாது, போன் பார்த்தே கெட்டுப் போயிட்டானுங்க என்று ஆரம்பித்து, கடைசியில் யாராவது ஒரு பேச்சாளரை வரவழைத்துத் தன்னம்பிக்கை பற்றி ஒன்றரை மணி நேரம் பேசவைப்பதில் போய் முடியும். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு கிடையாது. திரும்பி வந்த பையன்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் ஒரு கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள், அந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரிந்த வரையில் சரியாகவும் இருக்கிறது.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஐ.டி.ஐ-க்களை நடத்துகிற கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ல் ஆரம்பித்தது. இன்றைக்கு நாடு முழுக்க ஏறத்தாழ 15,000 ஐ.டி.ஐ இருக்கின்றன, அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு தனியார். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், மெஷினிஸ்ட் எல்லாம் பத்தாவது முடித்தவர்களுக்கு, இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம்தான், எட்டாவது போதும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ என்றால் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்து புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, அதுவும் ஐ.டி.ஐ மாணவர்களுக்குப் பொருந்தும். டாடா டெக்னாலஜிஸோடு ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐ.டி.ஐ-க்களில் 4.0 தொழில்நுட்ப மையங்களும் கட்டியிருக்கிறார்கள், ரோபோ, கணினி சொல்கிறபடி இரும்பை வெட்டுகிற சி.என்.சி மெஷின், மின் வண்டி எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆக, படிக்கிற பக்கம் முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல். நான் படித்தபோது எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாற்பது பேருக்கு ஓடுகிற லேத் மூன்று இருந்தது, அதில் ஒன்று வெள்ளிக்கிழமைகளில் ஓடாது, ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கோளாறு எல்லாம் படிப்பு முடிந்து கதவைத் தாண்டுகிற இடத்தில் இருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர், ஓசூர், கோவை என்று ஆலைகள் நிறைந்த மாநிலம் இது, ஆள் தேவை எப்போதும் இருக்கிறது. அதனால் தேர்வு நெருங்கும்போது மனிதவளத் துறைக்காரர்கள் தாங்களே ஐ.டி.ஐ வாசலுக்கு வருவார்கள். ஒரு சின்ன எழுத்துத் தேர்வு, ஐந்து நிமிட நேர்காணல், மாலையே பட்டியல். அந்தப் பட்டியலில் இருக்கிறவனுக்குக் கிடைக்கிற காகிதம் என்ன காகிதம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை, ஐ.டி.ஐ நிர்வாகம் கேட்கவே கேட்காது, ஏனென்றால் அவர்களுக்கு எல்லாக் காகிதமும் ஒரு எண்ணிக்கைதான். ஆனால் பையனின் அடுத்த மூன்று வருடம் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

பெரும்பாலும் அது அப்ரண்டிஸ் ஒப்பந்தம். அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனங்கள், ஒப்பந்த ஆட்களையும் சேர்த்த மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். 2019-ல் திருத்திய விதிப்படி ஐ.டி.ஐ சான்றிதழ் உள்ளவனுக்கு முதல் வருடம் மாதம் குறைந்தது 7,000 ரூபாய், டிப்ளமோ என்றால் 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று வைத்தார்கள். 2016-ல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் அந்தத் தொகையில் கால் பங்கை, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே தருகிறது. நிறுவனம் நினைத்தால் குறைந்தபட்சத்துக்கு மேலும் தரலாம், பல ஆலைகள் தருகின்றன.

இதில் பசங்களுக்குத் தெரியாத ஒன்று, அப்ரண்டிஸ் என்பவன் சட்டத்தின் கண்ணில் தொழிலாளி இல்லை, பயிற்சியாளன். பி.எஃப் கிடையாது, இ.எஸ்.ஐ கிடையாது. அதற்கு ஈடாகச் சில பாதுகாப்புகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அரசின் அப்ரண்டிஸ் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் அவனை ஓவர்டைம் பார்க்க வைக்கக் கூடாது, வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. ஆனால் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்று முன்பு தெளிவாகவே சொன்னது. 2014 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் பயிற்சி முடித்தவர்களை எடுப்பதற்குத் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று போட்டார்கள், கொள்கை என்ன என்பது அவரவர் இஷ்டம். உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவனுக்கு முன்னுரிமை தரச் சொன்னது. முன்னுரிமைதான், வேலை இல்லை. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்று 2018 மார்ச்சில் மும்பையே பார்த்தது. ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்த இளைஞர்கள் மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் நடுவில் தண்டவாளத்தில் உட்கார்ந்து காலை நேரத்து ரயில்களை நிறுத்தினார்கள். அவர்களுக்கு ரயில்வே கடைநிலைப் பணிகளில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருந்தது, அவர்கள் கேட்டது முழு வேலை.

அப்ரண்டிஸாவது பரவாயில்லை, முடித்துத் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் என்று ஒன்று கையில் வரும், அதற்குப் பல இடங்களில் மதிப்பு இருக்கிறது. அதற்குக் கீழே வேறு சில காகிதங்கள் உண்டு. 'டிரெய்னி' என்று மட்டும் போட்டிருக்கும், எந்தச் சட்டத்தின் கீழ் டிரெய்னி என்று இருக்காது. கொஞ்ச காலம் நீம் என்றொரு மத்தியத் திட்டம் ஓடியது, அதன் பெயரில் மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை பயிற்சியாளர் என்ற பட்டத்தோடு உற்பத்தி லைனில் நிற்கவைத்தார்கள், பிறகு அதைக் கைவிட்டார்கள். இன்னொன்று கான்ட்ராக்ட். ஆலைப் பெயர் போட்ட சட்டை, ஆலை பஸ், ஆலை கேன்டீன், ஆனால் சம்பளச் சீட்டில் யாரோ ஒரு ஆள் சப்ளை நிறுவனத்தின் பெயர். பெற்றோர் அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுகிறார்கள். நிறுவனத்தின் நேரடிப் பட்டியலில், பணி நிரந்தரத்துக்கு வழியுள்ள வேலை என்பது முதல் கடிதத்திலேயே வருவது அபூர்வம்.

இப்போது அந்தப் பையனின் கணக்குக்கு வருவோம். மாதம் 16,000 ரூபாய் என்று சொல்லிக் கூட்டிப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நல்ல வேலைதான், பி.எஃப் எல்லாம் உள்ள வேலை. அதில் அடிப்படைச் சம்பளம் 11,000 என்றால் பி.எஃப் 12 சதவீதம், 1,320 போய்விடும். இ.எஸ்.ஐ முக்கால் சதவீதம், 120 ரூபாய். கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு ஐந்நூறு அறுநூறு பிடித்தால் கைக்கு வருவது பதினாலாயிரம். ஆறு பேர் சேர்ந்து எடுத்த அறையில் இவன் பங்கு 2,000, ஷிப்ட் இல்லாத நாள் சாப்பாடு, போன், ஊருக்கு ஒரு தடவை போய்வரும் செலவு என்று கழித்தால் வீட்டுக்கு அனுப்ப ஆறாயிரம் ஏழாயிரம் மிஞ்சும். இது அவன் கண்ணில் படுகிற ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஊரிலேயே தெரிந்தவர் டூவீலர் பட்டறையில் நின்றால் ஒரு நாளைக்கு 500 ரூபாய், 26 நாளுக்குப் பதிமூன்றாயிரம், அம்மா கை சாப்பாடு, சொந்தப் பாய், ராத்திரி ஷிப்ட் கிடையாது. அப்ரண்டிஸ் தொகை ஏழாயிரம் என்றால் கேட்கவே வேண்டாம். இதைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒருவன் திரும்பி வந்தால் அவனைச் சோம்பேறி என்று நான் எப்படிச் சொல்வேன்? நாலு வருடம் கழித்து இந்த இரண்டு பாதையும் எங்கே இருக்கும் என்பதுதான் அவன் கணக்கில் விட்டுப்போனது, அதை அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அதற்கு அவனை மட்டும் குறை சொல்வானேன், ஒரே ஆலைக்குள் போன இரண்டு பேருக்கே நாலு வருடத்துக்குப் பின் கதை வேறாக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெண்கள் நிறையப் பேர், போன் அசெம்பிளி லைனில் இருந்தார்கள். லைனில் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையை நாளைக்கு ஆயிரம் தடவை செய்கிறவருக்கு, அந்த லைன் போனால் கையோடு கொண்டுபோக அதிகம் இருக்காது. மறைமலைநகரில் ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து அடுத்த ஆண்டு கார் உற்பத்தியை நிறுத்தியது. கார் ஆலை மூடினாலும், பராமரிப்புப் பிரிவில் ஹைட்ராலிக்கும், மெஷினைக் கட்டுப்படுத்துகிற பி.எல்.சி என்ற சின்னக் கணினியும் பார்த்த ஒரு ஃபிட்டரோ எலெக்ட்ரீஷியனோ பக்கத்து ஆலையில் கேட்கக்கூடிய சம்பளமும், லைனில் போல்ட் முடுக்கியவர் கேட்கக்கூடிய சம்பளமும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. இரண்டு பேரும் ஒரே நாள், ஒரே கேம்பஸில் எடுக்கப்பட்டவர்களாகக்கூட இருக்கலாம். அதனால் என்னிடம் கேட்கிற பையன்களுக்கு நான் சொல்வது, சம்பளத்தை இரண்டாவதாகக் கேள், எந்தப் பிரிவில் போடுவீர்கள் என்று முதலில் கேள். உற்பத்தியா, பராமரிப்பா, அச்சும் கருவியும் செய்கிற டூல் ரூமா, தரப் பரிசோதனையா. டூல் ரூம் என்று பதில் வந்தால் இரண்டாயிரம் குறைந்தாலும் போய்விடு.

சரி, படிக்கிற காலத்தில் வகுப்புக்கே வராதவனை என்ன செய்வது? இதுவும் ஊக்கம் சம்பந்தப்பட்ட புகார்தான், இதிலும் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. வருகைப் பதிவேட்டையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முகூர்த்த நாளும் அதற்கு மறுநாளும் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். பசங்கள் கேட்டரிங் போகிறார்கள். ஒரு முகூர்த்தத்துக்குப் பரிமாறப் போனால் 500, 600 ரூபாய், சாப்பாடு, மீதி இருந்தால் வீட்டுக்குப் பாயசம். அந்தப் பணத்தில்தான் சில வீடுகளில் கேஸ் சிலிண்டர் வாங்குகிறார்கள். 'படிப்பில் அக்கறை இல்லை' என்று நான் எழுதிவைத்திருந்த ஒரு பையன் இரண்டு தங்கைகளின் பள்ளிச் செலவைக் கேட்டரிங்கில் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிய எனக்கு ஏழு மாதம் ஆனது, அதில் ஆறு மாதம் நான் அவனைத் திட்டியிருக்கிறேன்.

இன்னொரு காரணம் வகுப்புக்குள்ளேயே இருக்கிறது. ஃபிட்டர் படிப்பின் ஆரம்பம் முழுக்க அரம். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்துத் தேய் என்பார்கள். செங்கோணம் பார்க்கிற ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியும், மறுபடியும் தேய். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்துப்போகும் வரை இதுதான். மாமன் மகன் கோட்டு போட்டு இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போகிறபோது இவன் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான், ஏன் தேய்க்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை, கம்ப்யூட்டரே கட்டிங் பண்ற காலத்தில் இது எதுக்கு சார் என்று கேட்டால் சிலபஸ்ல இருக்கு என்று பதில். பத்து வாரத்தில் மூன்றில் ஒருவன் மனதளவில் வெளியே போய்விடுவான்.

நான் கண்ட வரையில் அவனை உள்ளே இழுக்கிறது இரண்டு விஷயம். முதலாவது அளவு. வெர்னியரைக் கையில் கொடுத்து 0.02 மில்லிமீட்டர் என்றால் என்ன என்று காட்டி, தலைமுடி ஒன்றை மைக்ரோமீட்டரில் வைத்து அளக்கச் சொன்னால் முகம் மாறும். அப்புறம் ஒரு சதுரத் துளைக்குள் ஒரு சதுரக் கட்டையை, நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் போட்டாலும் அசையாமல் உட்காரும்படி அவனே அரத்தால் செய்து முடிக்கிற அன்றைக்கு, சாப்பாட்டு மணி அடித்தாலும் போக மாட்டான், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பான். சி.என்.சி-யில் வேலை பார்க்கப்போகிறவனுக்குக் கூட அந்த விரல் நுனி அறிவுதான், கருவி தேய்ந்துவிட்டது என்பதை மெஷின் சொல்வதற்கு முன்னால் சொல்லும்.

இரண்டாவது, பழைய மாணவர்கள். மேடைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. போன வருடம் இதே பெஞ்சில் உட்கார்ந்து இதே இரும்பைத் தேய்த்தவன் ஒரு சனிக்கிழமை வந்து, சம்பளச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்து, இது பி.எஃப், இது கேன்டீன், மூணாவது ஷிப்டில் முதல் பத்து நாள் தலை சுத்தும், அப்புறம் பழகிடும், சூப்பர்வைசர் இப்படிக் கத்துவாரு, எதிர்த்துப் பேசாத, லீவு எழுதிக் கொடுத்துட்டுப் போ என்று சொன்னால் போதும். கஷ்டத்தை மறைக்காமல் சொன்னால் பசங்கள் பயந்துவிடுவார்கள் என்று நிர்வாகம் நினைக்கிறது. உண்மையில், முன்கூட்டியே தெரிந்து போனவன் தாக்குப்பிடிக்கிறான், பதினாறாயிரம் கைக்கு வரும் என்று நம்பிப் போனவன்தான் முதல் சம்பள நாளில் பெட்டியைக் கட்டுகிறான்.

அரசு வேலைக் கனவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ வைத்து எழுதக்கூடிய பெரிய தேர்வு ரயில்வே துணை லோகோ பைலட் தேர்வு, ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 19,900. 2018-ல் இதையும் டெக்னீஷியன் பணியையும் சேர்த்து 26,502 இடம் என்று அறிவித்துப் பின்னால் 64,371 ஆக்கினார்கள். அதன்பிறகு ஆறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2024 ஜனவரியில்தான் துணை லோகோ பைலட்டுக்கு அடுத்த அறிவிப்பு, 5,696 இடம், பிறகு அது 18,799 ஆனது. 2018-ல் படித்து முடித்தவன் இதற்காக மட்டும் காத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று யோசியுங்கள். அதனால் வேலை பார்த்துக்கொண்டே எழுது என்கிறேன். தமிழிலேயே எழுதலாம். இரண்டாம் கட்டத் தேர்வில் அவரவர் டிரேடிலிருந்து, அதாவது ஐ.டி.ஐ-யில் படித்த தொழிலிலிருந்து, 75 கேள்வி தனிப் பகுதியாக வரும், அதில் 35 சதவீத மதிப்பெண் எடுக்காவிட்டால் மீதி எவ்வளவு எடுத்தாலும் வெளியே. பயிற்சி மையத்தில் கணக்கும் பொது அறிவும் மனப்பாடம் செய்துவிட்டு, சொந்த டிரேடின் தியரியைப் படிக்காமல் விட்டு மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். எலெக்ட்ரீஷியனாக இருந்தால் மின் உரிமம் வழங்கும் வாரியத்தில் வயர்மேன் லைசன்ஸ் வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

வெளிநாடு போக நினைக்கிறவர்களில் முன்னால் நிற்கிறவர்கள் வெல்டர்கள். அவர்களுக்கு 6ஜி என்பது மந்திரச் சொல், குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் வைத்துச் சுற்றிலும் பற்றவைத்துக் காட்ட வேண்டும், மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் கை ஒரே மாதிரி ஓட வேண்டும். அது கைவந்தவனை வளைகுடாவில் தேடுவார்கள். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தாவது தேறாமல் எட்டாவதோடு வெல்டர் படித்தவனுக்குக் வளைகுடா மாதிரி நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் அரசிடம் முதலில் அனுமதி வாங்கவேண்டிய பாஸ்போர்ட்தான் கிடைக்கும். பத்தாவது தேறியவனுக்கும், இரண்டு வருட ஐ.டி.ஐ சான்றிதழ் உள்ளவனுக்கும் அந்தத் தொல்லை இல்லை, வெல்டர் ஒரு வருடப் படிப்பு என்பதால் மாட்டிக்கொள்கிறான். அப்படி அனுமதி வாங்கிப் போவது ஒருவகையில் பாதுகாப்புதான், தவிர்க்கப் பார்த்து சுற்றுலா விசாவில் போனவர்கள்தான் பின்னால் அழுகிறார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே வாங்கலாம். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிற தகப்பன்களிடம் இதைச் சொல்லும்போது, தம்பி அப்பவே சொல்லியிருக்கலாமே என்பார்கள்.

படிப்பு அத்தோடு முடிந்துவிட்டது என்று பையன் நினைப்பதும் மனம் விட்டுப்போக ஒரு காரணம். முடியவில்லை. பத்தாவதுக்குப் பின் இரண்டு வருட ஐ.டி.ஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ-யில் நேராக இரண்டாம் ஆண்டு. தமிழும் ஆங்கிலமும் மட்டும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்றும் வாங்கலாம், எட்டாவதோடு வந்தவனுக்கு அதே வழியில் பத்தாவது.  சேர்க்கையின்போதே சொல்லவேண்டிய விஷயம் இது, நாங்கள் பெரும்பாலும் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கிற அன்றைக்குத்தான் சொல்கிறோம்.

ஃபிளெக்ஸ் விஷயத்துக்கே வருகிறேன். அந்த நூறு சதவீதத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று உள்ளே இருந்து பார்த்தவன் நான். ஒரே பையன் இரண்டு கேம்பஸில் தேர்வானால் இரண்டு. கடிதம் வாங்கி, சேராமலே இருந்தாலும் ஒன்று. அப்ரண்டிஸ் ஒன்று, டிரெய்னி ஒன்று, கான்ட்ராக்ட் ஒன்று. பாலிடெக்னிக் போய்விட்டவனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள், அப்போதுதான் சதவீதம் ஏறும். பொய்க் கணக்கு என்று சொல்ல முடியாது, எண்ணுகிற நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி, போன வருடம் போனவர்களில் இன்றைக்கு எத்தனை பேர் அதே இடத்தில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேர் போன் நம்பர் கொடுங்கள் என்பது. கொடுக்கத் தயங்குகிற இடத்தில் கொஞ்சம் யோசியுங்கள்.

இரண்டு வருடமாக நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். வேலைக்குப் போன ஒவ்வொருவன் பெயருக்கும் எதிரே என்ன காகிதம், எந்தப் பிரிவு, முதல் மாதம் கைக்கு வந்தது எவ்வளவு, ஆறாவது மாதம் எங்கே இருக்கிறான் என்று நாலு கட்டம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போன் போடுவேன். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவனை எழுப்பிவிட்டுத் திட்டு வாங்குவதும் உண்டு. ஆறாவது மாதக் கட்டத்தில் 'ஊர்' என்று எழுதவேண்டி வந்த பெயர்களுக்கு எதிரே இரண்டாவது கட்டத்தைப் பார்த்தால், 'பிரிவு தெரியவில்லை' என்பதுதான் அதிகம் இருக்கிறது. நிர்வாகத்தில் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எதுக்கு சார், யாராவது கேட்டாங்களா என்றார். இந்த ஜூனில் இரண்டு அம்மாக்கள் கேட்டார்கள்.